நாலு சத்து ஊசி

நோஹ்வா தீவு
2023 அக்டோபர் 11

தாக் மாப்பிள்ளைக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்கு என்ன வந்திருக்கிறது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறபோது நலம் விசாரிப்பதெல்லாம் நாடகம்.

போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். யோன்ஜு நேற்று எத்தனை தடவை அடித்தாள் என்று அரிசிக்குத்தான் தெரியும். பெற்ற மகள்தான். ஆனால் ஏழு வயதிலேயே கருவாட்டைத் தின்றுவிட்டுப் பூனைமேல் பழி போட்டவள். அவள் பொய் சொன்னால் எனக்கு வலிக்காது, பழகிவிட்டது. நீங்கள் சொன்னீர்கள் பாருங்கள், அதுதான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் கிராம மண்டபத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள் நான். பத்து வருஷமாகியும் எழுத்து கோணலாகத்தான் வருகிறது. ஆனால் ஞாபகத்துக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

செப்டம்பர் 27. சூசோக் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி ஏறுகிற ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். யோன்ஜு காப்பி வாங்கப் போயிருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் ஊதாக் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள்.

"உங்களுக்கு எத்தனையாவது அக்கா?"

"நாலாவது. சத்து ஊசிதான். வயித்துல புண்ணு, சாப்பாடு இறங்கலை, அதுக்கு."

அவள் சிரித்தாள். "நல்லா பேசுறீங்க அக்கா" என்று என் தொடையில் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இந்த ஹால்ல சத்து ஊசி போடுறது இல்லைக்கா" என்றாள். எனக்காக அவள்தான் அழுதாள். யாரென்றே தெரியாதவள்.

நர்ஸைக் கேட்டேன். "உங்க காப்பாளர்கிட்ட கேட்டுக்குங்க பாட்டி" என்றாள். காப்பாளர்! எழுபத்தெட்டு வயதில் எனக்குக் காப்பாளர்! சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது "வயசானா கொட்டும்மா" என்றாளே யோன்ஜு, அது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்தீர்கள். பண்டிகைக்கு எள் வைத்த அரிசிக் கொழுக்கட்டை பிடித்தேன். ஒவ்வொன்றாக மடித்தபடி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இந்தக் கொழுக்கட்டை முடிவதற்குள் சொல்வார் என்று. மூன்று நாள். "அத்தை கொழுக்கட்டை மாதிரி எங்கேயும் கிடையாது" என்று பதினொன்று தின்றுவிட்டுக் கப்பல் ஏறினீர்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் யோன்ஜு அப்பாவின் நினைவு நாளில், படையல் எடுத்த பிறகு மிச்சமிருந்த சோஜு சாராயத்தை நாம் இருவரும் குடித்தோம். ஞாபகம் இருக்கிறதா? யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். அவருக்கு வயிற்றில் புற்று என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை. ஏழு மாதம் நான் "புண்ணுதான், கஞ்சி குடிச்சா ஆறிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷன் என் பேச்சை நம்பி அடுத்த பருவத்துக்குப் புது வலை பின்னினார். பாதி பின்னியதோடு போனார். அந்தப் பாதி வலை இன்னும் கொட்டகையில் தொங்குகிறது. "எனக்கு ஒண்ணு வந்தா நீங்க சொல்லணும் மாப்பிள்ளை. யோன்ஜு சொல்ல மாட்டா" என்றேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்றேன் அத்தை" என்றீர்கள்.

ஏன் உங்களிடம் கேட்டேன்? முதல் தடவை நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது முட்டையிடுகிற கோழியை அடித்துப் பூண்டு போட்டு முழுசாக வேகவைத்து வைத்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். வேறு எவனாக இருந்தாலும் ஆகா ஓகோ என்றிருப்பான். நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி அத்தை" என்றீர்கள். யோன்ஜு மேசைக்கடியில் உங்கள் காலை மிதித்தது எனக்குத் தெரியும். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், இந்த வீட்டில் உண்மை பேச ஓர் ஆள் வந்துவிட்டான் என்று.

அந்தக் கோழி இருந்தால் இன்னும் நூறு முட்டை இட்டிருக்கும்.

18ஆம் தேதி ஐந்தாவது ஊசிக்கு நான் வரவில்லை. இந்தக் கடிதத்தை எழுத நாலு நாளாயிற்று. இரண்டு வரி எழுதினால் இருமல் வந்து பென்சிலைத் தள்ளிவிடுகிறது. பேரிக்காயைக் குடைந்து தோராஜி வேரும் தேனும் வைத்து அவித்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன். அதையும் யோன்ஜுவிடம் சொல்ல வேண்டாம். உங்களுக்குத்தான் மறைக்கத் தெரியுமே.

மா ஓக்னிம்


தேஜோன்
அக்டோபர் 14

அத்தைக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. அதில் ஒரு சொல்லுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று.

இருமல் எப்போது தொடங்கியது? சளி வருகிறதா, வறட்டு இருமலா? கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு ஏறி வரும்போது மூச்சு வாங்குகிறதா? காய்ச்சல் உண்டா? தோராஜியை நம்பி இருக்காதீர்கள், தயவுசெய்து. சுகாதார நிலையத்து நர்ஸிடம் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி இருக்கும். அதில் வருகிற எண்ணை மட்டும் எனக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

நாளை முதல் கப்பலில் வருகிறேன்.

தாக் ஜின்உக்


நோஹ்வா
அக்டோபர் 19

தாக் மாப்பிள்ளைக்கு,

நான் எதைப் பற்றி எழுதினேன்? ஏமாற்றப்பட்டதைப் பற்றி. நீங்கள் எதைப் பற்றிக் கேட்கிறீர்கள்? என் இருமலைப் பற்றி. பேச்சை மாற்றுகிற வித்தை இந்தக் கிழவியிடம் வேண்டாம். கடலில் காற்று திரும்புவதை மூக்கால் கண்டுபிடிப்பவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்ததைப் பார்த்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மழையில் என் கேட்டுக்கு வெளியே மூன்று மணி நேரம் நின்றீர்கள். பக்கத்து வீட்டு பாங் கிழவன் தன் குடையைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளையை வெளிய நிக்க வச்சுட்டு உள்ள என்னத்தைப் புதைச்சு வச்சிருக்கே ஓக்னிம்?" என்று கத்தினான். ஊர் பூராவும் சிரித்தது. சிரிக்கட்டும்.

திங்கட்கிழமை நர்ஸ் பெண்ணும் வந்தாள். விரலில் கவ்வியை மாட்ட வந்தாள். ஒரு கட்டுக் காய்ந்த கடற்பாசியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இருமல் என்னுடையது. அதை நான் சொல்வேன், சொல்லாமலும் இருப்பேன். உங்களுக்கு அது வேண்டுமானால் எனக்கு வேண்டியதை முதலில் கொடுங்கள்.

நாலு தடவை எனக்குள்ளே என்ன ஏற்றினீர்கள்? எழுதுங்கள். சத்து, புண், வயசு என்ற மூன்று வார்த்தையும் அதில் இருக்கக் கூடாது. பெற்றோர் தினத்தன்று உங்கள் லேபுக்குக் கூட்டிப்போனீர்களே, இருட்டு அறையில் கண்ணாடிக் குழலுக்குள் பார்க்கச் சொன்னீர்களே, கறுப்புத் தண்ணீரில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், நெத்திலிக்குப் போகிற படகுகளின் விளக்கு மாதிரி. அப்போது எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள்! அதுவும் இதுவும் ஒன்றா இல்லையா, அதையும் எழுதுங்கள்.

பிறகு இருமலைப் பற்றிச் சொல்கிறேன்.

மா ஓக்னிம்


தேஜோன்
அக்டோபர் 20, விரைவு அஞ்சல்

அத்தைக்கு,

அதுவும் இதுவும் ஒன்றுதான்.

உங்கள் வயிற்றில் இருப்பது புற்றுநோய். கல்லீரலிலும் மூன்று இடத்தில் இருக்கிறது. அதனால் அறுத்து எடுக்க முடியவில்லை. வசந்த காலத்தில் மாத்திரையாகக் கொடுத்த முதல் மருந்து கேட்கவில்லை. ஜூலையிலிருந்து ஏற்றியது இரண்டாவது மருந்து.

உங்கள் புற்றுச் செல்களின் மேல்தோலில் ஒரு விதக் கைப்பிடிகள் ஏராளமாக முளைத்திருக்கின்றன. நல்ல செல்லிலும் இருக்கும், ஆனால் கொஞ்சமாக. மருந்தில் இருப்பது ஆன்டிபாடி. அதற்கு இரண்டு கை. அந்தக் கைப்பிடியை மட்டுமே தேடிப் பிடிக்கும். அதன் முதுகில் விஷத்தை நூல் போட்டுக் கட்டியிருக்கிறோம். அது வெளியே ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தால் பெரிதாகப் பயன் இல்லை. செல் அதை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்கொள்ளும். தன் கைப்பிடிகளைத் தானே அவ்வப்போது உள்ளே இழுத்து, பழையதை அரைத்து, நல்லதைத் திருப்பி வெளியே வைப்பது செல்லின் வழக்கம். தோல் உட்பக்கமாகக் குழிந்து, கொழுக்கட்டைக்கு நீங்கள் விளிம்பை ஒட்டுவது போல ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பிடித்திருக்கிற ஆன்டிபாடியும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். பல தடவை உள்ளே போன வேகத்தில் அப்படியே வெளியே திரும்பிவிடும். அது ஏன் என்று பார்ப்பதுதான் பதினாறு வருடமாக என் வேலை. திரும்பாமல் உள்ளேயே தங்கியது செல்லின் இரைப்பைக்குப் போகிறது. அங்கே புளிப்பு அதிகம். அங்கே நூல் அறுந்து விஷம் வெளியே வருகிறது. நீங்கள் பார்த்த சிவப்புப் புள்ளிகள் அதுதான். அந்தச் சாயம் வெளியே இருக்கும்வரை தெரியாது. புளிப்புக்குள் போனால்தான் எரியும்.

இப்போது இருமல். நுரையீரலில் குப்பை பெருக்குகிற செல்கள் இருக்கின்றன. அவை கைப்பிடியெல்லாம் பார்ப்பதில்லை, எது வந்தாலும் விழுங்கும். இந்த மருந்தையும் விழுங்குகின்றன என்று நினைக்கிறோம், முழுதாகத் தெரியாது. பத்துப் பேரில் ஒருவருக்கு நுரையீரல் வீங்குகிறது. அது வறட்டு இருமலாகத்தான் தொடங்கும். விட்டால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் டாக்டர் உங்களிடம் "இருமல் இருக்கா?" என்று கேட்டார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் இல்லை என்றீர்கள்.

யோன்ஜு சொல்ல வேண்டாம் என்று அழுதாள். ஆனால் அவள் பின்னால் நான் ஒளிய மாட்டேன். 'சத்து ஊசி' என்ற பேர் நான் வைத்தது. காரில், உங்களைக் கூட்டிவர வரும் வழியில், நான்தான் யோசித்து வைத்தேன். சோஜு குடித்த அன்றைக்குச் சொன்னது அப்போதும் ஞாபகம் இருந்தது.

கேட்டதை எழுதிவிட்டேன். இருமலைச் சொல்லுங்கள்.

தாக் ஜின்உக்


நோஹ்வா
அக்டோபர் 23

தாக் மாப்பிள்ளைக்கு,

படித்தேன். தெரியாத வார்த்தைகளை விரல் வைத்துக் கூட்டிப் படித்தேன். தன் கைப்பிடிதானே என்று நம்பி உள்ளே இழுக்கிறது, கூடவே வந்தது உள்ளே போய் விஷத்தை அவிழ்க்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு லேப் வேண்டாம் மாப்பிள்ளை. கோழிச்சாறு ஊற்றி உங்களை உள்ளே எடுத்துக்கொண்டவள் நான். மழையில் கேட்டில் ஒட்டிக்கொண்டு நின்றால் மறுபடியும் இழுத்துக்கொள்வேன் என்று நினைத்தீர்கள் போல. அந்தச் செல்லுக்குப் புத்தி இல்லை. எனக்கு உண்டு.

வாக்குக் கொடுத்தேன், கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் இரண்டு வாரத்தில் தொண்டையில் அரிப்பு. சளி இல்லை. நாலாவது ஊசிக்குக் கிளம்பிய அன்றே கிணற்றடியிலிருந்து வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்தேன். இப்போது நாலு தடவை. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்கிறது. நர்ஸ் பெண்ணை நானே கூப்பிட்டு விரலைக் கொடுத்தேன். எண்பத்தொன்பது என்று வந்தது. அவள் முகம் பாசி மாதிரிப் பச்சையாகிவிட்டது.

டாக்டர் கேட்டபோது ஏன் இல்லை என்றேன் தெரியுமா? சத்து ஊசிக்காக ஒருத்தி கப்பலும் பஸ்ஸும் ஏறி வருவதே அதிகம். இதில் இருமலையும் சொன்னால் யோன்ஜு இன்னும் இரண்டு நாள் வேலைக்கு லீவு போட வேண்டும். சத்துக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் வைத்த பேருக்கு ஏற்ற மாதிரிதான் நான் பதில் சொன்னேன். விஷம் என்று சொல்லியிருந்தால் தும்மலைக்கூடச் சொல்லியிருப்பேன்.

நாளைக் கப்பலில் வருகிறேன். நர்ஸ் பெண் கூட வருகிறாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னோடு பேச வேண்டும். காப்பாளர்கள் இருவரும் அறைக்கு வெளியே நிற்க வேண்டும்.

மா ஓக்னிம்


தேஜோன், ஆஸ்பத்திரி, எட்டாவது மாடி
நவம்பர் 9

தாக் மாப்பிள்ளைக்கு,

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாள் என்று பக்கத்துப் படுக்கைக்காரி சிரிக்கிறாள். உங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கேட்க வேண்டியது மறந்து திட்ட வேண்டியது மட்டும் ஞாபகம் வருகிறது. அதனால்தான் இது. யோன்ஜுவிடம் கொடுக்கவில்லை, துடைக்கிற அம்மாளிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன்.

நுரையீரல் வீக்கத்தைப் பற்றி டாக்டர் என்னிடமே சொன்னார். நல்ல மனுஷன், சின்னப் பையன், காது சிவந்துபோய்ச் சொன்னார். மூக்கிலிருந்த காற்றுக் குழாயைப் போன வாரம் எடுத்தார்கள். வீக்க மாத்திரை தின்று தின்று பசி கன்றுக்குட்டி மாதிரி. முகம் பௌர்ணமி மாதிரி. பேத்தி சோல்ஆ பார்த்துவிட்டு, "பாட்டி, உங்க சுருக்கமெல்லாம் எங்க போச்சு?" என்கிறாள்.

நேற்று ஸ்கேன் படம் வந்தது. டாக்டர் என் அறைக்கு வந்து நுரையீரலைச் சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டு வெளியே போனார். கதவு பாதி திறந்திருந்தது. வராந்தாவில் யோன்ஜுவோடு பேசினார். மறுபடியும்! நான் "டாக்டர்!" என்று கூப்பிட்டேன், இருமல் வந்து குரலை அமுக்கிவிட்டது. யோன்ஜு கண்ணைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றாள். கருவாடு தின்ற அதே முகம்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அந்த நாலு ஊசி வேலை செய்ததா? இனி என்ன? எனக்கு எவ்வளவு நாள்? கொட்டகையில் ஏற்கெனவே பாதி வலை ஒன்று தொங்குகிறது. இன்னொன்றுக்கு இடமில்லை.

மா ஓக்னிம்


தேஜோன்
நவம்பர் 11

அத்தைக்கு,

யோன்ஜுவுக்குச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வேண்டாம் என்றாள். எழுதுகிறேன்.

நாலு ஊசியும் வேலை செய்தன. கல்லீரலில் இருந்த பெரிய கட்டி நாலு சென்டிமீட்டரிலிருந்து இரண்டுக்குக் கீழே வந்திருக்கிறது. சின்னவை இரண்டும் படத்தில் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் செல்கள் நன்றாகவே விழுங்கியிருக்கின்றன. இதைவிட நல்ல படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த மருந்தை உங்களுக்கு இனி எப்போதும் கொடுக்க முடியாது. இருமல் வரும் அளவுக்கு நுரையீரல் வீங்கியவர்களுக்கு மறுபடி கொடுக்கக் கூடாது என்பது விதி.

நாலாவது ஊசியைப் போட்டிருக்கவே கூடாது. அன்றைக்கே உங்களுக்கு இருமல் இருந்தது. தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள், நீங்கள் பத்து நாள் காற்றுக் குழாயோடு கிடந்திருக்க மாட்டீர்கள். இன்னும் முன்னால், வீக்கம் நுரையீரலில் வெறும் நிழலாக இருந்தபோதே படம் எடுத்திருந்தால், ஆறவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த வாய்ப்பை உங்களிடமிருந்து எடுத்தது நான். டாக்டரின் கேள்விக்குச் சரியான பதில் உங்களிடம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய காரணத்தைத்தான் நான் மறைத்தேன்.

இன்னொரு பழைய மருந்து இருக்கிறது. நாலு பேரில் ஒருவருக்குக் கேட்கும். சோர்வும் வாய்ப்புண்ணும் வரும். அதுவும் கேட்கவில்லை என்றால், டாக்டர் எண் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: ஒரு வருடத்துக்குக் குறைவு. கேட்டால் அதைவிடக் கூடலாம். எவ்வளவு கூடும் என்று எனக்குத் தெரியாது.

எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்.

தாக் ஜின்உக்


நோஹ்வா
நவம்பர் 28

தாக் மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, கப்பலில் ஒரு தடவை, கொட்டகையில் ஒரு தடவை. உப்பு சரியாக இருந்தது. நாலு மாதம் முன்னால் பரிமாறியிருக்க வேண்டியது.

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்கிற மருந்து ஒன்று கிடைத்து, அது கையை விட்டுப் போயிற்று. அதை நினைத்தால் இப்போதும் பென்சில் தாளைக் கிழிக்கிறது. என் நினைவு நாளில் படையல் வைத்து நீங்கள் குனிந்து கும்பிடும்போதும் எனக்கு அது ஞாபகம் இருக்கும். கிண்ணத்தை இரண்டு கையால் பிடித்தாலும் சரி.

முட்டைக்கோஸ் ஊறுகாய் போடுகிற வாரம் இது. பாங் கிழவனும் பெண்டாட்டியும் வந்து என்னை உட்கார வைத்துவிட்டு வேலை செய்தார்கள். நான் வெறும் அதிகாரம் பண்ணினேன். "வாயை மட்டும் கொண்டுவந்திருக்கே" என்றான். "அது ஒண்ணுதாண்டா இன்னும் வீங்காம இருக்கு" என்றேன்.

யோன்ஜுவிடம் பேசிவிட்டேன். போனை அரிசியிலிருந்து எடுத்தேன். அவள் அப்பாவுக்கு நான் செய்ததைச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப ஏம்மா என் வீட்டுக்காரரை மட்டும் திட்டுறே?" என்று கேட்டாள். வாக்குக் கொடுத்தது அவர் என்றேன். அதுதான் பதில்.

பாதி வலையைக் கொட்டகையிலிருந்து இறக்கி அவிழ்த்துவிட்டேன். நூல் உளுத்துப்போயிருந்தது.

மருந்து எடுத்துக்கொள்கிறேன். நாலில் ஒன்று என்றாலும். டாக்டர் என்னிடமே தேதி கேட்டார், டிசம்பர் 6 என்று நானே சொன்னேன். தாளில் என் பெயரை நானே எழுதினேன், ஒரு எழுத்து வளைந்துவிட்டது.

யோன்ஜு வீட்டில் இருக்கட்டும். நீங்கள் வாருங்கள். அதே ஹாலில், என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். கோழி எதிர்பார்க்க வேண்டாம், இருக்கிற ஒன்றும் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே யாராவது ஒருத்தி, புதிதாக வந்தவள், "அக்கா, உங்களுக்கு என்ன ஊசி?" என்று கேட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நர்ஸ் வரை கேட்கிற மாதிரி, உரக்க.

மா ஓக்னிம்